நெவில் கிரிம்ஷாவின் சிவப்புக் கோடும் ஜனீனின் முழங்காலும்

லங்காஷயரின் டார்வென் என்கிற சிற்றூரில் ஒரு மனிதனிடம் அவனுடைய மூலநோயைப் பற்றி விசாரிக்கலாம். விவாகரத்தைப் பற்றிக்கூட விசாரிக்கலாம். சம்பளத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஊரில், தன் வீட்டுக்கடனில் எவ்வளவு அடைந்தது, எவ்வளவு பாக்கி என்பதைச் சாமான் அறைக் கதவின் உட்புறத்தில் படமாகவே வரைந்து வைத்திருந்தவர் நெவில் கிரிம்ஷா. அவருக்கு எதிர்வீட்டில் பத்தொன்பது வருஷம் குடியிருந்ததை நான் பெற்ற பேறுகளில் ஒன்றாகவே கருதுகிறேன்.

வரைந்தது ஒரு தெர்மாமீட்டர். தேவாலயக் கூரை ஒழுகினால் வாசலில் பலகை நட்டு, நிதி சேரச் சேரச் சிவப்பு மை ஏற்றுவார்களே, அதே அச்சு. அடியில் குமிழ், உச்சியில் தொண்ணூற்றிரண்டாயிரம் பவுண்டு. அடைந்த கடன் சிவப்பாக ஏறி ஏறி ஐம்பத்துநாலாயிரத்தில் நின்றது. கொஞ்சம் சர்க்கரை கேட்டு வருவதுபோல் தெருவே வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகும். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் வெளியே வரும்போது எல்லோருக்கும் குரல் தாழ்ந்திருக்கும்.

நெவில் சுவர்த்தாள் ஆலையில் கிடங்குப் பொறுப்பாளர். வயது ஐம்பத்துமூன்று. மாதத் தவணையைக் கட்டுவதோடு அடங்குகிறவரல்ல. தவணைக்கு மேலும் கட்டுவார். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. வட்டி மாறாத ஒப்பந்தம் ஓடும் காலத்தில், வருஷத்துக்குப் பாக்கியில் பத்தில் ஒரு பங்குதான் அதிகப்படியாகக் கட்டலாம். மிஞ்சினால் அபராதம். கடனைச் சீக்கிரம் அடைக்கிற குற்றத்துக்கு அபராதம் போடுகிற ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். ஏன் இன்னும் வைக்கவில்லை என்று தெரியவில்லை.

நெவிலின் வருஷம் அக்டோபர் ஒன்றாம் தேதி பிறக்கும். அன்று ஆலைக்கு விடுப்பு. கழுத்தில் டை கட்டுவார். வருஷம் முழுக்கச் சேர்த்த மூவாயிரத்து எண்ணூறு பவுண்டையும், மனைவி ஜனீன் தேநீர் ஊற்ற ஊற்ற, கைப்பேசியில் ஒரே அழுத்தில் வங்கிக்கு அனுப்புவார். பிறகு தூரிகையை எடுப்பார். மூச்சை அடக்கிக்கொண்டு சிவப்பை ஏற்றுவார். இந்த வேகத்தில் போனால் அறுபதுக்கு முன்பே வீடு சொந்தம்.

இதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஒருநாள் அவரே காரணத்தைச் சொன்னார். தொண்ணூற்றொன்றில், வட்டி பதினைந்து சதவீதத்தைத் தொட்டிருந்த சமயம், அவருடைய அப்பாவால் தவணை கட்ட முடியவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் வங்கி ஆட்கள் இரண்டு பேர் வந்து வீட்டின் பூட்டை மாற்றினார்களாம். மேசையில் உருளைக்கிழங்கு ஆவி பறக்க அப்படியே இருந்ததாம். நெவிலுக்கு அப்போது இருபது வயது. சொல்லி முடித்துவிட்டு மழை வரும்போலிருக்கிறது என்றார். நானும் ஆமாம் என்றேன்.

சமையலறையைப் புதுப்பிக்க வாங்கிய கடன் ஒன்றும் அவருக்கு இருந்தது. அதற்குத் தெர்மாமீட்டர் கிடையாது. அது வெறும் கடன், இதுதான் வீட்டுக்கடன் என்பது அவருடைய தத்துவம். பென்ஷனுக்கும் கிடையாது. பென்ஷன் கணக்கு வருஷத்துக்கு ஒரு கடிதமாக வரும். அதைப் பிரிக்காமல் ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் செருகிவிடுவார். கையால் தொட்டுப் பார்க்க முடியாத சொத்தை நம்பக் கூடாதாம். செங்கல் என்றால் தட்டிப் பார்க்கலாம்.

ஜனீன் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை. ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி இரண்டு முழங்காலும் போய்விட்டன. அந்த வசந்தத்தில், வாரம் ஐந்து நாள் வேலையை மூன்று நாளாகக் குறைத்துக்கொள்ளலாமா என்று கணவரிடம் கேட்டாள். நெவில் கணக்குப் போட்டுப் பார்த்தார். கோடு உச்சியைத் தொடட்டும், இன்னும் ஐந்தரை வருஷம்தான் என்றார்.

அவள் சண்டை போடவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் தட்டுகளைக் கொஞ்சம் சத்தமாக அடுக்குவார்கள். அவள் அதைக்கூடச் செய்யவில்லை. சாமான் அறைக்குப் போனாள். நெவிலின் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் நீலப் பென்சிலால் இன்னொன்று வரைந்தாள். மேலே 'முழங்கால்' என்று எழுதினாள். ஞாயிறுதோறும் குளித்துவிட்டு வந்து, அந்த வாரம் மாடிப்படி ஏறுவது எப்படி இருந்ததோ அதற்குத் தக்கபடி குறி வைத்தாள். சிவப்பு ஏறுவதற்காக வரைந்தது. நீலம் இறங்குவதற்காக வரைந்தது.

கண்ணீருக்கு அசையாத மனிதர்கள் உண்டு. நெவில் வரைபடத்துக்கு அசைந்தார். ஒரு கோடு வாரா வாரம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஊறுகாய் ஜாடி எடுக்க அவரால் முடியவில்லை. ஜூன் மாதம் ஊறுகாயையே விட்டார். ஆகஸ்டில் நீலம் பாதிக்குக் கீழே வந்தபோது, சனிக்கிழமைகளிலும் வேலை செய்து, அபராதம் கட்டியாவது சிவப்பைச் சீக்கிரம் ஏற்றிவிடலாம் என்று முடிவு கட்டி, ஆலையின் சம்பளப் பிரிவுக்குப் போனார்.

அங்கே இருப்பவள் கேய்னர். மேலாளர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோரும் அவளுக்குச் 'செல்லம்'தான். நெவிலின் கோப்பைத் திறந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"பென்ஷனுக்கு நீ அஞ்சு சதவீதம்தான் போடறியா, செல்லம்?"

சட்டம் அவ்வளவுதானே கேட்கிறது என்றார் நெவில்.

"சட்டம் கேக்கறது இருக்கட்டும். நீ அஞ்சு போட்டா கம்பெனி மூணு போடும். எட்டு போட்டா எட்டு போடும். நீ எச்சா மூணு போட்டாப் போதும், அவங்க எச்சா அஞ்சு போடுவாங்க. பதினோரு வருஷமா வேணாம்னு இருந்திருக்க. வருஷம் ஆயிரத்தைந்நூறு பவுண்டு, சும்மா குடுக்கறத."

நெவில் அந்தப் பணத்தையெல்லாம் வீட்டுக்கடனில்தான் போடுவதாகப் பெருமையோடு சொன்னார். அதற்கு வட்டி எவ்வளவு என்று கேட்டாள். ஒன்று புள்ளி ஆறு சதவீதம் என்றார். வேறு கடன் உண்டா என்றாள். சமையலறைக் கடன் என்று கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். அதன் வட்டி ஒன்பது சதவீதம் என்பதை இன்னும் மெதுவாகச் சொன்னார்.

கேய்னர் கால்குலேட்டரை எடுக்கவில்லை. ஒரு பழைய கடித உறையின் முதுகில் எழுதினாள்.

"மூவாயிரத்து எண்ணூற வீட்டுக்கடன்ல போட்டு வருஷத்துக்கு அறுபத்தோரு பவுண்டு வட்டி மிச்சம் பண்ணற. அதே பணத்துக்கு இந்தப் பக்கம் முன்னூத்து நாப்பத்திரண்டு பவுண்டு வட்டி கட்டற. இதுக்கு டை வேற கட்டிக்கிறியாமே."

டை விஷயம் ஆலை முழுக்கத் தெரிந்திருந்தது என்பது நெவிலுக்கு அன்றுதான் தெரிந்தது.

பதினோரு வருஷம் மூச்சடக்கி வரைந்த கோட்டை ஒரு கடித உறை கவிழ்த்ததைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கேய்னர் நியாயமானவள். கடனை அடைப்பது தப்பில்லை என்றாளாம். இரண்டு வருஷத்தில் ஒப்பந்தம் முடிந்து வட்டி நாலரைக்கு ஏறினால் அப்போது மறுபடி யோசிக்கலாம், இப்போதைக்கு வரிசைதான் தலைகீழாக இருக்கிறது என்றாளாம்.

நெவில் வீட்டுக்கு வந்து அந்த ரொட்டி டப்பாவை நகர்த்தினார். பதினோரு கடிதங்களையும் பிரித்துப் படித்தார். நான்காம் நாள் என் வேலியோரம் வந்து கேய்னர் சொன்னதை முழுக்க ஒப்பித்துவிட்டு, மழை வரும்போலிருக்கிறது என்றார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அக்டோபர் ஒன்றும் வந்தது. தெருவில் திரைச்சீலைகள் எல்லாம் ஓரங்குலம் விலகியிருந்தன. நெவில் டை கட்டினார். ஜனீன் தேநீர் ஊற்றினாள். கைப்பேசியில் வங்கியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் அசையாமல் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு அவள்தான் என்னிடம் சொன்னாள். தேநீர் ஆறிவிட்டதாம். வேறு ஊற்றினாளாம். அதுவும் ஆறிவிட்டதாம்.

"பூட்டை மாத்திட்டாங்கன்னா?" என்று கேட்டாராம் கடைசியில்.

"தவணை கட்டறோம், நெவ். அத நிறுத்தலையே. யாரும் வரமாட்டாங்க."

"அப்பாவும் அப்படித்தான் சொன்னாரு."

ஜனீன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்கப்பாகிட்ட அஞ்சு காசு மிச்சமில்ல. நம்மகிட்ட இருக்கு. எல்லாத்தையும் செவுத்துக்குள்ள போட்டு வெச்சிருக்கோம், அவ்வளவுதான். வீடு நம்மளதா ஆகற அன்னிக்கு என்னால மாடி ஏற முடியணும். அவ்வளவுதான் நான் கேக்கறேன்."

நெவில் அழுத்தினார். பணம் வீட்டுக்கடனுக்குப் போகவில்லை. சமையலறைக் கடனில் பாக்கியிருந்த மூவாயிரத்து எழுநூற்று நாற்பது ஒரே அழுத்தில் தீர்ந்தது. மீதி அறுபது பவுண்டை என்ன செய்வது என்று தெரியாமல் திகைத்தாராம். அவருடைய வாழ்க்கையில் வேலை சொல்லப்படாத பணம் அதுதான் முதல் தடவை.

பிறகு இருவரும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தார்கள். மாதாமாதம் ஒதுக்கிய முன்னூற்றுப் பதினாறும், சமையலறைக் கடனின் தவணை நூற்றுத் தொண்ணூறும் இனி கையில் நிற்கும். பென்ஷனுக்கு மூன்று சதவீதம் கூட்டினால், வரிச்சலுகை போக, அறுபத்திரண்டு குறையும். ஜனீன் இரண்டு நாள் வேலையைக் குறைத்தால் ஐந்நூற்றுப் பதினெட்டு குறையும். ஆக, எழுபத்துநான்கு பவுண்டு இடித்தது. விளையாட்டுச் சேனல்களை நிறுத்தலாம் என்று நெவிலே சொன்னார். ஒரு லங்காஷயர் ஆண் இதைச் சுயநினைவோடு சொன்னதாக நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. மீதி முப்பதைச் சாக்லெட் பிஸ்கெட்டிலிருந்து வெட்டினார்கள்.

அன்று தூரிகை நனையவில்லை. கோடு உச்சியைத் தொட அறுபத்துநாலு வயதாகும். ஒப்பந்தத்தில் முதலிலிருந்தே இருந்த வயது அதுதான்; அதிகம் கட்டியதற்கெல்லாம் வங்கி தவணையைத்தான் குறைத்திருந்தது. உச்சிக்குப் பாதிக்கு மேல் ஏறியவன் ஒருத்திக்காக நடுவழியில் உட்கார்ந்துகொள்வதைப் பார்த்தபோது, சிரிப்பதற்கு வழக்கமாக எனக்கு உதவுகிற தசைகள் ஒன்றும் உதவவில்லை.

நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை ஜனீனுக்கு முதல் விடுமுறை நாள். ஏழேகால் மணிக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வழக்கமாக அந்தக் கதவு சாத்தப்படும் சத்தத்தில்தான் நான் விழிப்பேன். அன்று முன்பே விழித்து ஜன்னலோரம் நின்றிருந்தும், திறந்ததும் கேட்கவில்லை, மூடியதும் கேட்கவில்லை. மாடி ஜன்னலில் திரை இழுத்தபடியே இருந்தது. நெவில் ஆலைச் சப்பாத்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு காலுறையோடு வெளியே வந்தார். தூறலில், நனைந்த வாசற்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கயிறாகக் கட்டினார். தெருமுனை திரும்பும்வரை குதிகால் ஊன்றாமல் நடந்தார்.