சபை தொடங்கிய வருடம் எனக்கு வந்த இருமல்

முதலில் சாயங்காலக் காய்ச்சல்தான் வந்தது. நாலு மணிக்கு மேல் உடம்பு லேசாகச் சுடும். விடிந்து பார்த்தால் சேலை வியர்வையில் நனைந்திருக்கும். பிறகு இருமல். மூன்று வாரம் தாண்டியும் நிற்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை வாசிக்கிறவர்களில் யாராவது அப்படிச் சொல்லாமல் இருந்தால் அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. எழுதினால் என் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. என் ஒரே மகன் அருள், நாங்கள் பிழைக்க வந்த தெலுங்கு நகரத்தில், மாதாப்பூர்ப் பக்கம் பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இன்னும் இரண்டு பேரோடு ஒரு துறவற சகோதரர் சபை தொடங்கிக்கொண்டிருந்தான். குருப்பட்டம் இல்லை, பூசை வைக்கிற வேலை இல்லை. தெருவில் கிடக்கிற நோயாளிகளைத் தூக்கிவந்து, கழுவி, சோறு கொடுத்துப் பார்க்கிற சகோதரர்கள். மூத்தவர் ஜோஜப்பா, தெலுங்கர், சனத்நகர் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். மற்றவர் பென்னி, கேரளத்துக்காரர், ஓட்டலில் பரிமாறியவர்.

ஆயர் (பிஷப்) அவர்களிடம் சொல்லியிருந்தார்: மூன்று பேரும் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்து காட்டுங்கள், பிறகு வார்த்தைப்பாடு (கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு) எடுக்கலாம், ஒருவர் குறைந்தாலும் சபை கிடையாது. அருளின் அப்பா இறந்து வெகு காலம் ஆகிறது. எனக்கு ஒன்று என்றால் அவன் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்று எனக்குத் தெரியும். வருடம் முடிய இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.

போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் வாடகை வீடு. முன் ஹாலில் ஒன்பது ஆண் நோயாளிகள். நான் பின்னறையில் தங்கி எல்லோருக்கும் சமைத்தேன். இருமல் வரப்போகிறது என்று தெரிந்தால், காய்ந்த எண்ணெயில் நாலு குண்டூர் மிளகாயைக் கிள்ளிப் போட்டுவிடுவேன். நெடி ஏறி வீடே இருமும். அந்தச் சத்தத்துக்குள் என்னுடையதையும் இருமிக்கொள்வேன்.

"எம்மா, எங்களக் கொல்லவா பாக்க?" என்று அருள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்துவான்.

இப்படியே கிட்டத்தட்ட மூன்று மாதம் ஓட்டினேன். கண்டுபிடித்தவர் மல்லையா. மார்க்கெட்டில் மூட்டை சுமந்தவர், டி.பி. வந்து பாதி ஆளாக எங்களிடம் வந்து, மருந்தில் தேறிக்கொண்டிருந்தார். ஒருநாள் கஞ்சி கொண்டுபோனபோது என்னை உற்றுப் பார்த்தார்.

"அம்மா, இதி மிரப்பகாய தக்கு காது. நாக்கு தெலுசு," என்றார். இது மிளகாய் இருமல் இல்லை, எனக்குத் தெரியும் என்று அர்த்தம். சொன்னதோடு விடவில்லை. "ஓ ஜோஜப்பா!" என்று ஹால் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

சளிப் பரிசோதனையில் (சளியைக் கண்ணாடியில் தடவிக் கிருமி தேடுவது) டி.பி. (நுரையீரலை அரிக்கும் காசநோய்) என்று வந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தெலுங்கில் கேட்டதை ஜோஜப்பா தமிழில் சொன்னார்.

"மூணு மாசமா மறைச்சு யாரக் காப்பாத்துனீங்கன்னு கேக்குறாங்கம்மா."

இந்த நோய் சோற்றிலும் தட்டிலும் ஒட்டாது, இருமுகிற காற்றில்தான் போகும் என்றும் டாக்டரம்மா சொன்னார். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். புதிதாக யாருக்கும் ஒட்டவில்லை. அந்த முடிவு வரும்வரை நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெம்பில்லை. தயவுசெய்து மறைக்காதீர்கள்.

அன்றைக்கே அருள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"ஏ.எஸ்.ராவ் நகர்ல வீடு பாக்கச் சொல்லிட்டேன். பழைய கம்பெனியில கேட்டா எடுத்துக்கிடுவாங்க. கெளம்பும்மா. நான் பாத்துக்கிடுதேன்."

அந்தக் காலத்தில் மாத்திரையைக் கொடுப்பவர் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும். கொடுப்பவர் வீட்டு ஆளாக இருக்கக் கூடாது, பாசத்தில் விட்டுக்கொடுத்துவிடுவார்களாம். மல்லையாவுக்குக் கொடுத்துவந்த ஜோஜப்பாவிடமே என் மருந்துப் பெட்டியும் வந்திருந்தது. அவர் அதைத் தட்டிக் காட்டினார்.

"நீ பாக்கக் கூடாது தம்பி. சர்க்காரே நக்கோ, வேணாங்குது."

"அம்மாவப் பெத்த மகன் பாக்காம யாரு பாப்பா?"

"அம்மாவ நீ பெத்தியா? முதல்ல அதச் சரியாச் சொல்லு. உன் அம்மாவ நீ பாத்தா அது குடும்பம். நான் பாத்தாத்தானய்யா சபை."

"அண்ணே, இந்த வீட்டுல பொம்பளைங்கள எடுக்கிறதில்லன்னு நாமதான எழுதினோம்?"

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. "ஏலே, நான் பின்னறையிலதான கெடக்கேன்? ஹால்லயா வந்து படுத்தேன்? பையக் கொண்டு உள்ள வைல!"

அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. பேசி முடித்ததும் இருமல் வந்தது. மிளகாய் போடாமலே முழுசாக இருமினேன். அருள் பையை உள்ளே கொண்டுபோனான்.

ஆறு மாத மருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் மாத்திரை கொடுக்கும்போது ஜோஜப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீர் செவப்பாப் போவும்மா. ரத்தம் இல்ல, மருந்து. பயப்படாதீங்க," என்றார். அவருக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். ஆனால் அவர் சொல்லியிராவிட்டால் நான் பயந்து மருந்தை நிறுத்தியிருப்பேன்.

சமையல் பென்னியின் கைக்குப் போனது. எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய். பசியே இல்லை. ஆனால் கடைசி நோயாளி சாப்பிட்டு முடிக்காமல் சகோதரர்கள் உட்காருவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். நான் தட்டைத் தள்ளினால் மூன்று பேரும் பட்டினியாக நிற்பார்கள். நிற்கட்டும் என்று எந்தப் பெண்பிள்ளைக்கு மனசு வரும்? விழுங்கினேன். நாலாவது மாதம், தளர்ந்துபோயிருந்த ரவிக்கைகள் மறுபடி பிடிக்கத் தொடங்கின.

மருந்து முடிந்த பத்தாம் நாள் வார்த்தைப்பாடு. மூன்று பேரும் வெள்ளை அங்கியில் பீடத்தின் முன்னால் குப்புறப் படுத்தார்கள். புனிதர்களின் மன்றாட்டுமாலை தொடங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் தெலுங்கில் சொன்னார்கள், நான் தமிழில் சொன்னேன். ஒரு மூச்சுக்கு ஒரு புனிதர். இடது நுரையீரலில் தழும்பு இருக்கிறது, அது போகாது என்றார்கள். மூச்சு ஆழமாகப் போகும்போது அங்கே ஒரு இழுப்பு தெரியும். முன்பெல்லாம் எனக்கு நுரையீரல் இருப்பதே தெரியாது. கால் மணி நேரம் ஆனது என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அது மூச்சுக் கணக்கு. ஒன்றுகூடத் தவறவில்லை.

பின்னாலிருந்து மூவரும் ஒன்றுபோலவே தெரிந்தார்கள். பாதங்களைப் பார்த்திருந்தால் எது அருள் என்று பெற்றவளுக்குத் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அடுத்த பெயர் சொன்னார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து மூச்சை இழுத்தேன்.