பூச்சிக்கு வைக்காத பெயர்

மலேசியாவில் செமோர் என்ற ஊருக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களை வெட்டிவிட்ட ஒரு பழைய தோட்டத்து ஓடையில் மூன்று வருடம் பூச்சி பிடித்தேன். தண்ணீருக்குள் மணலை ஒட்டிக் கூடு கட்டி, வளர்ந்ததும் இறக்கை முளைத்துப் பறக்கும் கேடிஸ் பூச்சிகள்தான் என் ஆராய்ச்சி. தோட்டத்தில் தனியாக இருந்த ஓர் அண்ணன் எப்போதும் கூட வருவார். ஒருநாள் பாறை இடுக்கிலிருந்து ஒரு பூச்சியைப் பிடித்துக் கொடுத்தார்.

"இது வேற மாரி இருக்குலா, தங்கச்சி."

உண்மையிலேயே அது புது இனம். "இதுக்கு உங்க பேரையே வைக்கிறேன், அண்ணே" என்றேன்.

"பூச்சிக்கா?" என்று கூச்சத்தோடு சிரித்தார்.

அதை விவரித்து எழுத ஒன்றரை வருடம் இழுத்தடித்தேன். பெயரை எழுத வேண்டிய இடம் வந்தபோதுதான், அவர் பெயரே எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. தோட்டத்துக்கு ஓடினேன். அவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அக்காவிடம் கேட்டேன்.

"தெரியலையேம்மா. நாங்களும் அண்ணேன்னுதான் கூப்பிடுவோம்."

கேட்ட இடமெல்லாம் இதே பதில். கடைசியில் ஓடையின் பெயரை வைத்தேன்.

அந்தப் பூச்சியின் ஒவ்வொரு காலிலும் எத்தனை முள் என்று எண்ணி எழுதியிருக்கிறேன். பெயர் வைப்பதாகச் சொன்ன அன்றுகூட, "உங்க பேரு என்ன, அண்ணே?" என்று கேட்கவில்லை.