வேப்பெண்ணெய் இருந்ததாகச் சொன்ன நீல டிரம்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை. புகையான் பூச்சி விழுந்த நெல்லுக்கு என்ன அடிக்கலாம் என்று கேட்டு வந்த ஒரு விவசாயிக்கு என் பூச்சிமருந்துக் கடையில் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தேன். என் பெயரைக் கேட்டாலே மூவுலகத்துப் பூச்சிகளும் மூட்டை கட்டிவிடும் என்ற கட்டத்துக்குப் பேச்சு வந்திருந்தது. அப்போது ரைஸ் மில் சந்தானம் போன் செய்தார். "மாமா, நம்ம அமுதவல்லி அம்மா போயிட்டாங்க. காலேஜுக்குப் போக பஸ்ஸுக்கு நின்னவங்க, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." என் கையிலிருந்த மருந்து பாட்டிலை அந்த விவசாயிதான் வாங்கி மேசைமேல் வைத்தார்.

இன்று படத்திறப்புக்கு வந்திருக்கும் கீழத்தெருவாருக்கு அமுதவல்லியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இதே கீழத்தெருவில் பிறந்து, மன்னார்குடியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் வயல் உட்பட ஊரார் வயலிலெல்லாம் நடவு நட்டவர்கள். அந்த வீட்டிலிருந்து முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர் இவர். இவருடைய மூக்கைப் பற்றி ஒரு புராணமே எழுதலாம். மன்னார்குடியில் நின்றுகொண்டு, வலங்கைமானில் எவன் வயலில் எந்த மருந்து தெளிக்கிறான், மூடியைச் சரியாகத் திருகினானா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவார். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். ஆனால் ரொம்பக் கூட்டவில்லை.

அந்த மூக்கோடுதான் ஒரு சம்பா பருவத்தில் என் கடைக்கு வந்தார். வாசலில் நின்றே பேசினார். "உள்ளே வாங்க, உட்காருங்க" என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினார்.

"அண்ணே, இத மோந்து பாருங்க."

மோந்தேன்.

"என்ன வாசனை வருது?"

"தண்ணி வாசனைதான் வருது."

"தண்ணிக்கு ஏதுண்ணே வாசனை? இது உங்க கடை வாசனை."

கீழத்தெருக் கிணற்றுத் தண்ணீர் அது. பஞ்சாயத்துக் குழாய் வராத நாளில் தெரு முழுவதும் குடித்தது அதைத்தான். கிணற்றை ஒட்டி வடிகால் ஓடுகிறது. சுற்றிலும் இருக்கும் வயல்களின் கழிவுநீர் அந்த வடிகாலில்தான் இறங்குகிறது. நான் உடனே பெரிய வக்கீலாகி, "நான் மருந்து விக்கிறவன். கிணத்துல கொண்டுபோய் ஊத்துங்கன்னு யார்கிட்டயும் சொன்னதில்லையே" என்றேன். அவர் சிரித்தார். "யாரு ஊத்துனதுன்னு கேக்க வரலண்ணே. தண்ணியிலேர்ந்து மருந்தை எடுக்கறதுக்கு ஒரு வழி இருக்கு. சாமான் சேக்கணும். நீங்க நாலு பேருக்குச் சொன்னா கிடைக்கும்."

அவர் கேட்ட சாமான் பட்டியலைப் பார்த்துக் குப்பைமேட்டுக்கு வாரிசு வந்துவிட்டதென்று ஊர் நினைத்தது. சந்தானத்தின் மில்லில் மலைபோல் கிடக்கும் உமி, டீக்கடைக்குப் பின்னால் எறியும் கொட்டாங்கச்சி, இடித்த வீட்டுச் செங்கல் ஜல்லி. சந்தானம் பெருந்தன்மையோடு பாய்லர் சாம்பலை ஒரு டிராக்டர் நிறைய அனுப்பினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அமுதவல்லி ஒரு பிடி எடுத்து ஊதினார், பறந்துபோயிற்று. "இது முழுசா எரிஞ்சுபோச்சு. முழுசா எரிஞ்சா சாம்பல். மூச்சு முட்டி எரிஞ்சாத்தான் கரி. சாம்பல் எதையும் பிடிச்சு வச்சுக்காது, கரிதான் பிடிக்கும்." டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூடி போட்ட தகரப் பீப்பாயில் உமியையும் கொட்டாங்கச்சியையும் அவரே புழுங்கப் புழுங்க எரித்தார். அன்று எழுந்த புகை கும்பகோணம் வரை போய், மகாமகக் குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பியது. மழை வருகிறதென்று எங்கள் தெருவில் காயப்போட்ட நெல்லையெல்லாம் அள்ளினார்கள்.

அந்தக் கரியைக் கழுவி, ஒரு சிமெண்ட் தொட்டியில் ஜல்லி, மணல், கரி என்று அடுக்கினார். மேலே ஊற்றினால் கீழே குழாய் வழியாகச் சொட்டும். சொட்டுகிற தண்ணீரைப் பிடித்துவைக்க ஒரு பெரிய பாத்திரம் வேண்டும் என்றார். அங்கேதான் இந்த வள்ளல் எழுந்து நின்றேன். தெரு முழுக்கக் கூடியிருந்த இடத்தில், "டிரம் நான் தர்றேன்!" என்று முழங்கினேன். கல்லணையைக் கட்டிய சோழன்கூட இந்தத் தோரணையில் நின்றிருக்க மாட்டான்.

வேப்பெண்ணெய் வந்த டிரம் ஒன்று கடைக்குப் பின்னால் கிடந்தது. அதை நினைத்துத்தான் சொன்னேன். போய்ப் பார்த்தால், என் சம்சாரம் அதை இரண்டாக அறுத்து மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி ஆக்கியிருந்தாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு நீல டிரம். அதில் வந்தது களைக்கொல்லி. நான் பின்வாங்கியிருக்கலாம், ஆனால் வாக்குக் கொடுத்த வாய் பெரியது. சோப்புத்தூள், சீயக்காய், புளி என்று மூன்று நாள் தேய்த்தேன். ஐராவதத்தைக்கூட யாரும் அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள். சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, டிரம்மை ஊர்வலமாகக் கொண்டுவந்தேன். அமுதவல்லி அதைத் தட்டிப் பார்த்தார். "இதுல முன்ன என்னண்ணே இருந்துச்சு?"

"வேப்பெண்ணெய்தாம்மா" என்றேன்.

சந்தன வாசனையில் அவருடைய மூக்கே அன்று ஏமாந்தது.

அவர் போட்ட ஒரு கட்டளைதான் என்னைக் காப்பாற்றியது: "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஒரு சொட்டு யாரும் வாயில வைக்கக் கூடாது." கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், டிரம் தண்ணீர் ஒரு பாட்டில் என்று கல்லூரிப் பேராசிரியர் வழியாகத் தஞ்சாவூர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வந்த அன்று மாலை கிணற்றடியில் தெரு கூடியது. அவர் மறைக்காமல் படித்தார். வடிகட்டிப் பிடித்த தண்ணீரில் கிணற்றுத் தண்ணீரைவிட மருந்து கூடுதலாக இருந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரென்று சொல்ல மாட்டேன், இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். "ஏங்க, காலேஜுல கண்ணாடிக் குப்பி கழுவுறவங்களுக்கு எதுக்கு இந்த விஞ்ஞானமெல்லாம்? இருந்த தண்ணியையும் கெடுத்துட்டீங்களே!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அமுதவல்லி ரிப்போர்ட்டை நான்காக மடித்தார். "பாத்திரத்தைப் பாக்காம விட்டுட்டேன். என் தப்புதான். ஒரு மாசம் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் கடைக்கு வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். "அண்ணே, டிரம்மை ரெண்டு நாள் மூடி வெயில்ல வச்சுட்டுத் தொறந்து மோந்து பாத்தேன். வேம்பு அப்படி மணக்காது."

எத்தனை கழுவினாலும் பிளாஸ்டிக் தான் குடித்த மருந்தைச் சிறுகச் சிறுகத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும் என்று அவர்தான் பொறுமையாக விளக்கினார். கடைசியில், "தெருவுல ஏம்மா என் பேரைச் சொல்லல?" என்று கேட்டேன்.

"உங்களைச் சொன்னா எல்லாரும் உங்களைத் திட்டிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பாங்க. கிணறு அப்படியே கெடக்கும். என்னைத் திட்டுனா, நான் மறுபடியும் செஞ்சு காமிச்சாகணும்ல?"

எழுந்து போகும்போது கைப்பையிலிருந்து ஒரு குத்தூசியை எடுத்து மேசைமேல் வைத்தார். நெல் மூட்டையைக் குத்தி மாதிரி எடுப்போமே, அந்த இரும்பு ஊசி. சந்தானம் மில்லில் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். "இனிமே நீங்க விக்கிற டப்பா எல்லாம் காலியானதும் உங்க கடைக்கே திரும்பி வரணும். வந்ததும் அடியில குத்திருங்க. ஓட்டை டப்பாவுல யாரும் தண்ணி பிடிக்க மாட்டாங்க."

ஒரு மாதத்தில் புது எவர்சில்வர் அண்டா வைத்து, தொட்டி திரும்ப ஓடியது. அடுத்த ரிப்போர்ட்டில் மருந்து கண்டுபிடிக்கும் அளவுக்கு இல்லை. அன்று தெரு அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு நடுவிலும் ஒருவர் தொட்டியில் மாற்றிய பழைய கரியை வாழைக்கு எருவாகப் போட அள்ள, அமுதவல்லி போட்ட சத்தத்தில் வெண்ணாறு ஒரு நிமிடம் நின்று ஓடியது. "விஷம் செத்துப்போகல! கரிக்குள்ள உக்காந்திருக்கு. கொண்டுபோய் வயல்ல போட்டா நாளைக்கு மறுபடியும் கிணத்துக்குத்தான் வரும்!" அந்தக் கரிக்கென்றே சிமெண்ட் உறை இறக்கி, மூடி போட்ட உறைத்தொட்டி ஒன்றைக் கட்டி, பூட்டும் போட்டார். ஒவ்வொரு முறை கரி மாற்றும்போதும் அவரேதான் திறப்பார்.

இப்போது என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். கீழத்தெருவாரே, அந்த நீல டிரம்மில் இருந்தது களைக்கொல்லி. தெரிந்தேதான் கொடுத்தேன். கேட்டபோது பொய்யும் சொன்னேன். அன்று நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தது, என்னைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பு. இத்தனை வருடம் அந்தப் பேச்சை அவர் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஒரு சொட்டு வெளியே விடவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் குத்தூசி. திரும்பி வந்து நான் குத்தாமல் விட்டிருந்த டப்பாக்கள் கடையில் நிறையக் கிடந்தன. செவ்வாய்க்கிழமை போனை வைத்த பிறகு, கடையைச் சாத்துவதற்கு முன் அத்தனையையும் குத்தித் தீர்த்தேன். வேறு எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

படத்துக்குப் பூப்போட்டு முடித்ததும் என்னைத் திட்டுங்கள். அன்று அவர் வாங்கிய திட்டையும் சேர்த்து, பாக்கி இல்லாமல் நன்றாகத் திட்டுங்கள். ஆனால் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தொட்டியில் கரி மாற்ற வேண்டிய நாள் வருகிற வெள்ளிக்கிழமை. சந்தானத்திடம் உமிக்குச் சொல்லிவிட்டேன். பீப்பாயும் மூடியும் அமுதவல்லி வைத்த இடத்திலேயே இருக்கின்றன. உறைத்தொட்டிச் சாவியை அவருடைய மகள் என்னிடம் கொடுத்திருக்கிறாள். காலை ஆறு மணிக்கு நான் கிணற்றடியில் இருப்பேன். வருகிறவர்கள் ஆளுக்கு நாலு கொட்டாங்கச்சி எடுத்துக்கொண்டு வாருங்கள்.