சுவருக்குள் நின்ற பாடகர்

போன வாரம் ஹட்டனிலிருந்து டயகம போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரே போன், ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. பாதி வழியில் ஒருத்தி, "ஏய், எனக்கு வெறும் தபேலாதான்டி கேக்குது, உனக்கு?" என்றாள். "எனக்குப் பாட்டு நல்லா கேக்குதே" என்றாள் மற்றவள். அவ்வளவுதான். மாற்றித் தா, மாட்டேன் என்று தொடங்கிய சண்டை அவர்கள் இறங்கும் வரை ஓயவில்லை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது? இதே சண்டையை, பேரப்பிள்ளை எடுக்கும் வயதில் இருந்த இரண்டு பெண்கள் எங்கள் லயத்தில் வாரக் கணக்கில் போட்டார்கள். உங்களுக்காவது சொல்கிறேன்.

அப்போது நான் ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்த புதிது. வேலை என்றால், விரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எழுந்து போனவர்களின் சேலைகளை மறுபடி மடிப்பது. வீடு வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில். லயம் உங்களுக்குத் தெரியும்தானே, ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள். நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் இங்கிருந்தே "நூறு" சொல்லலாம். எங்கள் பக்கத்து வீடு செல்வத்தினுடையது. தேயிலை ஃபெக்டரியில் வேலை, என் வயது, என்னைப் போலவே பாட்டுப் பைத்தியம். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு சின்ன ரேடியோ இருந்தது. பெட்டரி இறங்கினால் அடுப்போரம் வைத்துச் சூடு காட்டி மறுபடி போடுவோம். அதில் யார் பாடினாலும் தடிமன் பிடித்து மூக்கடைத்தவர் போலத்தான் பாடுவார். எல்லாப் பாடகர்களுக்கும் நிரந்தரமாகத் தடிமன் என்றே நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் ஒரு பாஸ், கைவேலைக்காரர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். ஹட்டனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய ரேடியோ, டிவி, செட்டுகளை வாங்கித் திருத்தி விற்பவர். சிங்கள ஆள், ஆனால் எங்களைவிட நன்றாகத் தமிழில் பேரம் பேசுவார். கடை முழுக்க ஈயம் உருகும் புகை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் நிற்பது எனக்குப் பழக்கமாகி, கடைசியில் அந்தப் புகை மூக்கில் ஏறினாலே பசிக்கத் தொடங்கிவிட்டது. இன்றைக்கும் போன் திருத்தும் கடையைத் தாண்டிப் போனால் எனக்குச் சோறு ஞாபகம் வருகிறது.

ஒருநாள் பாஸ் ஒரு அம்ப்ளிஃபயர், ஒரு கெசட் பிளேயர், இரண்டு பெரிய கறுப்புப் பொக்ஸ் எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டு என்னை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

"நடுவுல உக்காருங்க தம்பி. இந்தப் பக்கமும் சாய வேணாம், அந்தப் பக்கமும் சாய வேணாம். இப்ப கண்ண மூடுங்க."

மூடினேன். இரண்டு பொக்ஸுக்கும் நடுவே, வெறும் இடத்தில், ஒரு மனிதர் நின்று பாடினார். தடிமன் இல்லை. மூச்சு எடுப்பது கேட்டது. கண்ணைத் திறந்தால் அங்கே சுவரும் ஒரு பழைய கலண்டரும் மட்டுமே. மறுபடி மூடினால் மறுபடி நிற்கிறார். சேர்ட் கையை மடித்து விட்டிருந்தார் என்றுகூட எனக்குத் தோன்றியது. அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. சாயந்தரம் கடையில் ஒரு சேலையை மடித்து அதற்குள் இன்னொரு சேலையையும் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டு முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த மனிதரை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வேறு எதிலும் மனம் போகவில்லை.

தனியாக வாங்க என்னால் முடியாது. செல்வத்தாலும் முடியாது. இரண்டு பேருடைய தீபாவளி அட்வான்ஸையும் சேர்த்தால் ஒருவேளை முடியும். பேரம் பேசுவதற்கு முதல் நாள் ஒத்திகை பார்த்தோம். செல்வம் முகத்தைச் சுளித்துக்கொண்டு "இதெல்லாம் பழசு, யாரு வாங்குவா" என்று சொல்ல வேண்டும். நான் அவனைக் கையைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். அருமையான திட்டம். ஆனால் பாஸ் அவனையும் அந்த ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார். பாட்டு முடிந்ததும் செல்வம் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ பாஸ், இத வேற யாருக்கும் குடுத்துறாதீங்க!" என்றான். அதற்குப் பிறகு பேரம் எங்கே?

விலை குறையாததால் சாமான் குறைந்தது. அம்ப்ளிஃபயருக்கு மேல்மூடி வேண்டாம் என்றோம், கொஞ்சம் குறைத்தார். கெசட் பிளேயருக்குக் கதவு இல்லாததைக் காட்டினோம், றப்பர் வளையம் ஒன்று இனாமாகக் கொடுத்தார். பொக்ஸ் இரண்டிலும் முன்துணி கிழிந்திருந்தது. "ஹரி, ஹரி, சரி, இந்தக் கெசட்டையும் வச்சுக்கங்க, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று அந்தச் சேர்ட் கை மடித்த மனிதரின் கெசட்டையும் தந்து எங்களைத் துரத்திவிட்டார். துரை பங்களாவில் இருந்த செட், மழை குளிர் படாமல் வளர்ந்தது என்று அவர் சொன்னது உண்மைதான். உள்ளே கைப்பிடி அளவு நாய் மயிர் இருந்தது. எங்கள் லயத்து நாய் அந்தப் பொக்ஸை மோந்து பார்த்துவிட்டு ஒரு வாரம் அதைப் பார்த்துக் குரைத்தது.

ஹட்டனிலிருந்து கோச்சியில், அதுதான் ரயிலில், வட்டகொடை. அங்கிருந்து கொழுந்து லொறியில், சாக்குகளுக்கு நடுவே. லொறி நின்ற இடத்திலிருந்து தலையில். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு நொடி கையை நிறுத்தினார்கள். "என்னடா இது, ஆளுக்கொரு சவப்பொட்டியா? யாருடா போனது?" என்று மேலிருந்து ஒரு குரல். "எங்க தீவாளிதான் போச்சு அக்கா" என்றான் செல்வம்.

இனித்தான் சண்டை. என் அம்மாவுக்கும் செல்வத்தின் அம்மா ராசம்மா அத்தைக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. காரணம் முட்டை. அத்தையின் கோழி எங்கள் விறகுக் கட்டுக்குள் வந்து முட்டையிட, நாங்கள் ஒரு வாரம் பொரித்துத் தின்றோம். வாசனை சுவருக்கு மேலாகப் போனது. "கோழி வளக்காத வீட்டுல முட்ட வாசன எப்புடி வருது?" என்று அத்தை தன் சோற்றுப் பானையிடம் உரக்கக் கேட்டார். "கோழி எங்களோடது." "விறகு எங்களோடது." அதோடு நின்றது பேச்சு. நல்ல நாளில் அம்மாவுக்கு அவர் "மதினி". சண்டையில் வெறும் "அவ".

செட்டைக் கண்டதும் இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி. பாதிக் காசு நம்முடையது என்றால் நம்முடைய பாதி எங்கே? லயத்தில் பொதுவாக வாங்கிய எதையும் அப்படித்தான் பிரிப்பார்கள், பலாப்பழமானாலும் சரி. ஆகவே இடது பொக்ஸ் எங்கள் வீட்டுக்கு, வலது பொக்ஸ் அவர்கள் வீட்டுக்கு. அம்மா தன் பச்சைச் சேலைத் துண்டால் எங்கள் பொக்ஸுக்கு முன்துணி தைத்தார். அத்தை சிவப்பில் தைத்தார். அவர்கள் கூரை ஒழுகும் என்பதால் அம்ப்ளிஃபயர் எங்களிடம். எங்களுக்குக் கரண்ட் இல்லை, அவர்கள் வீட்டிலிருந்து வயர் இழுத்திருந்தோம் என்பதால் பிளக் அவர்களிடம். சண்டை வேறு, கரண்ட் வேறு. அதில் இரண்டு பேருக்கும் நாணயம் இருந்தது.

நினைத்துப் பாருங்கள். பழைய பாட்டுகள் சிலதில் குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம் என்று பிரித்தே வைத்திருப்பார்கள். முதல் நாளே எங்கள் வீட்டில் மேளம் மட்டும் அடித்தது.

"அவ வீட்டுல பாட்டு, நம்ம வீட்டுல வெறும் டொம்மு டொம்மா? காசு சரிபாதி குடுத்தம்ல?" என்றார் அம்மா.

ஜோடிப் பாட்டு என்றால் இன்னும் மோசம். ஆண் எங்கள் வீட்டில் கூப்பிடுவான், பெண் அவர்கள் வீட்டிலிருந்து பதில் சொல்வாள். லயத்துக் கடைசி வீட்டு மாமா போகிறபோது வருகிறபோது, "என்ன தம்பி, பொண்ணு மாப்பிள்ளையத் தனித்தனியா வச்சிருக்கீங்க, எப்பதான் சேத்து வைக்கப் போறீங்க?" என்று கேட்பார். அந்தப் பாடகரின் கெசட்டையும் போட்டுப் பார்த்தேன். இரண்டு பொக்ஸுக்கும் நடு என்றால் எது? சுவர். பாவம், மனிதர் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்தார். நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பக்கம் செல்வம் நிற்பான். இரண்டு பொக்ஸையும் ஒரே வீட்டில் வையுங்கள் என்று கெஞ்சினேன். "பாதிக் காசு குடுத்துட்டு முழுசையும் அவ வீட்டுல கொண்டு வைக்க நான் என்ன கேனையா?" என்றார் அம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையும் அதையே சொன்னார், ஏறக்குறைய அதே வார்த்தைகளில்.

போதாததற்கு, அம்ப்ளிஃபயரில் ஒரு திருகாணி. இடம் திருகினால் சத்தம் முழுக்க எங்கள் பக்கம், வலம் திருகினால் அவர்கள் பக்கம். என் புத்தியைப் பாருங்கள், இதை அம்மாவுக்கு நானே பெருமையாக விளக்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் அம்மா அடுப்பு வேலையாகப் போகிற சாக்கில் ஒரு திருகு திருகிவிட்டுப் போவார். அத்தை வீடு ஊமையாகும். "சில வீட்டுல திருகாணி திரும்புது. நம்ம வீட்டுல பிளக்கு கழரும்" என்று சோற்றுப் பானைக்கு அறிவிப்பு வரும். உடனே எங்கள் வீடும் ஊமையாகும், விளக்கும் சேர்ந்து போகும். ஒரு பாட்டு முழுதாக ஓடிய ஞாபகம் எனக்கு இல்லை.

கடைசியில், "தீவாளிக்கு முன்ன அந்தச் சனியன வித்துட்டு நம்ம பங்க வாங்கிட்டு வா" என்றார் அம்மா. "நானும் அதத்தான் சொல்றேன்" என்று சுவருக்கு மேலாகப் பதில் வந்தது. முட்டைச் சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். பாஸ் பாதி விலை கூடத் தரமாட்டார், அது கிடக்கட்டும். அந்த மனிதரை ஒருதரம்கூட நடுவில் நிறுத்திக் கேட்காமல் விற்பதா? எனக்கு அழுகையே வந்தது. தீபாவளி கழியட்டும், மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று இருவரும் கெஞ்சித் தவணை வாங்கினோம்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு உட்கார்ந்திருந்தபோது செல்வம்தான் சொன்னான். "பொட்டி வீட்ட விட்டுப் போகக்கூடாதுன்னுதானே சொல்றாங்க? இஸ்தோப்பும் வீடுதானடா?" ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் உள்ள அந்தச் சின்ன முன்கட்டைத்தான் சொல்கிறான். பச்சைப் பொக்ஸ் எங்கள் இஸ்தோப்பில், சிவப்புப் பொக்ஸ் அவர்கள் இஸ்தோப்பில். யாரும் ஒரு அடி விட்டுக்கொடுக்கவில்லை. கொடிக்கயிற்றால் அளந்து, சரியான நடுவில், வாசலில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கம் உட்காரும் வாங்கு ஒன்றைப் போட்டோம். மழை விட்டிருந்தது. திருகாணியை நடுவில் வைத்து, அது அசையாமல் இருக்க இனிப்புப் பலகாரத்து மாவைக் கொஞ்சம் அப்பினேன். கெசட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

வந்துவிட்டார். எங்கள் வாசலில், கானுக்கு மேலே, நின்று பாடினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்குச் சம்பளம் வாங்கிய எந்த நாளிலும் இருந்ததில்லை.

பிறகு செல்வம். பிறகு கடைசி வீட்டு மாமா. பிறகு லயமே வரிசையில் நின்றது. ஒவ்வொருவரும் உட்கார்ந்து கண்ணை மூடி, திறந்து, யாராவது நிற்கிறார்களா என்று பார்த்து, மறுபடி மூடினார்கள். மாமா கையை நீட்டித் துழாவியே பார்த்துவிட்டார். கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். நீ முதலில் போ என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. பின்னால் போகவும் மனம் வரவில்லை. வாங்கு அகலமானது. ஒரே நேரத்தில் வந்து ஆளுக்கொரு முனையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முனையில் நடு கிடைக்காது. அம்மா கொஞ்சம் நகர்ந்தார். அத்தையும் நகர்ந்தார். தோள் இடித்தது. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார்கள். பாட்டு பாதி போனபின் அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"யாரு மதினி இவன், நமக்கு நடுவுல வந்து நிக்கிறான்?"

"யாரோ. நிக்கட்டும் விடுங்க. நல்லாத்தான பாடுறான்" என்றார் அத்தை.

செட்டை விற்கவில்லை. அதற்காக அவர்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மழைக்காலத்தில் கரண்ட் ஏறி இறங்கி அம்ப்ளிஃபயர் புகைந்து செத்தது. வெறுமையான எங்கள் பொக்ஸுக்குள் அத்தையின் கோழி முட்டையிட்டது. மறுபடி பேச்சு நின்றது. பிறகு பேசினார்கள். பிறகு தண்ணீர் பிடிக்கும் பீலியில் குடம் வைத்த முறையில் நின்றது. அப்புறம் செல்வத்தின் கல்யாணத்தில் பேசினார்கள், அவனுடைய கல்யாணச் சாப்பாட்டிலேயே நின்றது.

இப்போது அந்த லயம் இல்லை. மண் சரியும் என்று சொல்லி இடித்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஒழுகும் கூரைக்கும் அடுப்புப் புகைக்கும் யார் அழுவார்கள்? எல்லோருக்கும் தனி வீடு கிடைத்தது. அம்மாவுக்கு ரோட்டுப் பக்கம், அத்தைக்கு மேட்டில் கோயில் பக்கம். செல்வம் கட்டாரில். நான் ஹட்டனில் இன்னொரு பழைய செட் வாங்கி, இரண்டு பொக்ஸையும் ஒரே அறையில் வைத்து, யாரும் திருகாணியைத் தொடாமல் கேட்கிறேன். ஒரு குறையும் இல்லை.

ராசம்மா அத்தை போன மாசியில் காலமானார். அப்போதும் அவர்களுக்குள் பேச்சு இல்லை. காரணம் என்னவென்று அம்மாவுக்கே மறந்துவிட்டது. காரியம் முடிந்து நான் அம்மாவைக் கைபிடித்து மேட்டிலிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். மேலே அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இனிமே நான் யாருகூடடா பேசாம இருக்கிறது?" என்றார்.