மூன்று கிலோவும் இருபது கிராமும்

சனிக்கிழமை மாலைகளில் என் மகளின் கேமராப் பையை எடை போடுவது என் வேலையாக இருந்தது. சமையலறைத் தராசைக் கூடத்து மேஜையில் வைத்து, அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, பையை நிறுத்துப் பார்ப்பேன். மூன்று கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது அவள் போட்ட விதி. முன்பெல்லாம் முக்காலி, இரண்டு லென்ஸ், பிளாஷ் என்று எல்லாவற்றையும் சுமந்து போய், தோள்பட்டை வீங்கி ஒரு மாதம் ஒத்தடம் கொடுத்த பிறகு வந்த விதி அது. ஒரு கேமரா, ஒரு லென்ஸ், கூடுதலாக ஒரு பேட்டரி, துடைக்கும் துணி, அரை லிட்டர் தண்ணீர். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லலாம். என் மகளுக்குப் பத்து வயதிலிருந்து இன்சுலின் ஊசி. இப்போது பத்தொன்பது வயது. ஊசி போட்ட பிறகு சாப்பாடு தாமதமானாலோ, அதிகம் நடந்தாலோ அவளுக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். உடனே இனிப்பு உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒன்பது வருடங்களாக நான் மனதுக்குள்கூட முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

அதற்காகப் பையில் எப்போதும் ஒரு ஜூஸ் பாக்கெட் இருக்கும். அது இருநூறு கிராம் என்று அவள் முணுமுணுத்ததால், பதிலாக ஆரஞ்சு மிட்டாய் வைக்கலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். என்னிடம் பழைய பிலிம் டப்பாக்கள் இரண்டு கிடந்தன. கறுப்பு உடம்பு, சாம்பல் மூடி, கட்டை விரல் உயரம். ஒன்றில் மிட்டாய்களைப் போட்டேன். இன்னொன்றில் சிலிக்கா மணிகள். புதுச் செருப்புப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாக வருமே, அந்த வெள்ளை மணிகள்தான். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த டப்பாவின் மூடியில் மட்டும் ஊசியால் நாலைந்து துளை போட்டிருந்தேன். அது போதும் அடையாளத்துக்கு என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை தராசு மூன்று கிலோ இருபது கிராம் காட்டியது. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். வெயில் காலம், காற்றில் ஈரமே இல்லை, சிலிக்கா எதற்கு என்று ஒரு டப்பாவை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டேன். தராசின் பெரிய எண் மூன்றுக்குக் கீழே வந்தது. கண்ணாடி போட்டிருக்கவில்லை. திறந்து பார்க்கவும் இல்லை. "ரெண்டே முக்கால்னு நினைச்சுக்க, காத்து மாதிரி இருக்கும்" என்று அவளிடம் பெருமை வேறு பேசினேன்.

ஞாயிறு காலை அவள் சாணார்பட்டிப் பக்கம் ஒரு மல்லிகைக் காட்டுக்குப் பூப் பறிப்பவர்களைப் படமெடுக்க ஸ்கூட்டரில் போனாள். ஊசி போட்டுக்கொண்டு, வழியில் இட்லி சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவள், விடிகாலை வெளிச்சம் போய்விடும் என்று நேரே காட்டுக்குள் இறங்கிவிட்டாள். ஏழே காலுக்கு என் போன் அடித்தது.

"அப்பா, மிட்டாய் இனிக்கவே மாட்டேங்குதுப்பா."

"என்னம்மா சொல்ற?"

"கடிக்கிறேன். நாக்குல ஒட்டுது. இனிக்கல."

அவள் குரல் வாயில் பஞ்சு வைத்தது போல இருந்தது. இழுப்பறையைத் திறந்தேன். மூடியில் துளை இல்லாத டப்பா. குலுக்கினேன். உள்ளே மிட்டாய்.

"துப்பு! அம்புட்டையும் துப்பு! பக்கத்துல யார் இருக்கா?"

"பூப் பறிக்கிறாங்க. எல்லாரும் ரெண்டு ரெண்டாத் தெரியுறாங்க."

"போனை அவங்ககிட்ட குடும்மா. கையை நீட்டு. நீட்டு!"

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனில் செடிகள் உரசும் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல்.

"யாருங்க அது?"

"பிள்ளையோட அப்பாம்மா."

"ஏண்ணே, பொம்பளப் பிள்ளையக் காலங்காத்தால தனியா அனுப்பிட்டு வீட்டுல படுத்திருக்கீகளாக்கும்? இங்க வரப்புல உக்காந்து ஆடிக்கிட்டு இருக்கு. வேர்த்து ஊத்துது. சாமி கீமி வந்துருச்சோன்னு பாத்துக்கிட்டு நிக்கிறோம்."

"சாமி இல்லம்மா. அவளுக்குச் சுகர் இருக்கு. உடனே இனிப்பா ஏதாச்சும் குடுக்கணும். டீ இருக்கா?"

"தூக்குவாளியில இருக்கு. சீனி தூக்கலாப் போட்டது." குரல் தயங்கியது. "சுகரு இருக்கிற பிள்ளைக்கு அதையா குடுக்கச் சொல்றீக? எங்க வீட்டுக்காரருக்கும் சுகருதாண்ணே. சீனியக் கண்ணுலயே காட்டாதன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. நான் பச்சத்தண்ணி குடுக்கிறேன், செத்த நேரம் காத்தாட உக்காரட்டும்."

"தண்ணி வேணாம்மா! சீனிதான் வேணும். அவளுக்குச் சுகர் இறங்கிருச்சு. ஏறல, இறங்கிருச்சு!"

"நாளப்பின்ன பிள்ளைக்கு ஒண்ணுன்னா எம் மேலல்ல பழி விழும்?"

நான் அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இருபது நிமிடத் தூரத்தில் ஒரு தூக்குவாளி டீ, அதற்கும் என் பிள்ளையின் வாய்க்கும் நடுவே ஒரு முழம். எனக்கு அழுகை வந்துவிட்டது. "தாயி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். என்ன ஆனாலும் பழி என்னோடதுதான். குடுத்துருங்க."

"ஐய, அழாதீகண்ணே. ஆம்பள அழுதா எனக்கு என்னமோ பண்ணுது. ஏ ஆத்தா, வாயத் தொற. மெதுவா. சட்டையில ஊத்தாத."

பிறகு யாரும் போனில் பேசவில்லை. தூரத்தில் ஒரு மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வண்டியை எடுத்தேன். மனைவி பின்னால் உட்கார்ந்து போனை என் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். என்ன வேகத்தில் போனேன், எதில் இடிக்காமல் தப்பினேன் என்று தெரியாது. பாதி வழியில் போனிலிருந்து சத்தம் வந்தது.

"அப்பா, எதுக்கு இம்புட்டுக் கத்துறீங்க? எனக்கு ஒண்ணுமில்ல."

நான் கத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். சாயம் இல்லாத வெள்ளை மணிகள், வயிற்றுக்குள் போயிருந்தாலும் ஒன்றும் செய்யாது என்றார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது மகள் சொன்னாள்: "நான்தான் மிட்டாய் டப்பாவ எங்கயோ எடுத்து வச்சிட்டு மறந்துட்டேன் போல." நான் வாயைத் திறக்கவில்லை. பயத்தில் பேச்சு வரவில்லை என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாளும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு செம்பட்டிச் சந்தைக்குப் போவதாக இருந்ததை அவள் நிறுத்திவிட்டாள். கேமராவைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். "நல்லதாப் போச்சு" என்று மனைவி சொன்னாள். அன்று நான் நன்றாகத் தூங்கினேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். பிள்ளை வீட்டில் இருக்கிறாள். தட்டில் சோறு போடுவது எனக்குத் தெரிகிறது. அவள் ஊசி போடுவதும் தெரிகிறது. ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும், அப்படியே இருந்துவிடுவாள்.

புதன்கிழமை அவள் கல்லூரிக்குக் கிளம்பும்போது வாசல் பூட்டை இழுத்துப் பார்த்தாள். நாலு படி இறங்கினாள். திரும்ப வந்து இழுத்துப் பார்த்தாள். மூன்றாம் முறையும் வந்தாள். நான் உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லைப்புறமாக நானும் போய்விட்டதாக அவள் நினைத்திருந்தாள். அன்று மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அடிக்கடி சுகர் இறங்குனா மூளை கெட்டுப் போகுமா? அந்த டப்பாவ நான் பையில வச்சது நல்லா ஞாபகம் இருக்கு. அப்ப எனக்கு ஞாபகம் இருக்கிறது எதையுமே நம்பக் கூடாதா?"

சொல்லிவிட்டேன். தராசு, இருபது கிராம், கண்ணாடி போடாதது எல்லாவற்றையும்.

"மாத்தி எடுத்தது சரி. யாரும் எடுத்திருவாங்க. மூணு நாளா ஏம்ப்பா சொல்லல?"

"நீ வீட்டுல இருந்த. எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

"எனக்குப் பைத்தியம் பிடிக்குதோன்னு நான் பயந்துக்கிட்டு இருந்தேன். உங்களுக்கு நிம்மதியா இருந்துச்சா?"

அதற்குப் பிறகு சனிக்கிழமை வரை என்னோடு பேசவில்லை. சனிக்கிழமை மாலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளே பையை அடுக்கினாள். நான் கூடத்தில் உட்கார்ந்து, ஜிப் இழுபடும் சத்தத்தை எண்ணாமல் இருக்கப் பார்த்தேன்.

ஞாயிறு விடியும்போது செம்பட்டிக்குக் கிளம்பினாள். பையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எனக்குத் தெரியாது. வண்டி தெருமுனை திரும்பிய பிறகும் வாசலிலேயே நின்றேன். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள், அது ஆறியது.

ஏழு மணிக்குச் சற்று முன்பு போனில் ஒரு படம் வந்தது. ஏதோ கடை மேஜை. வாழை இலைத் துண்டில் பாதி தின்ற இட்லி, ஓரத்தில் சட்னி. வெளிச்சம் சரியில்லை, கைபட்டுக் கலங்கியிருந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இட்லி எத்தனை இருந்திருக்கும் என்று இருவரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.