எப்சிபாவின் அளவுக்கு ஒரு நாற்காலி

இடது கை உளியைப் பிடித்திருந்தது. வலது கை கொட்டாப்புளியை ஓங்காமல், மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்டிக்கொண்டிருந்தது. ஓங்கி அடித்தால் சில்வர் ஓக் மரம் நாரோடு பிளந்துகொள்ளும். துளையின் ஓரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கி, நடுவில் நின்ற சிராய்களை உளி நுனியால் நெம்பி எடுத்துவிட்டு, விரலை உள்ளே விட்டுத் தடவியது கை. ஒரு பக்கம் இன்னும் மேடாக இருந்தது. மறுபடி தட்டியது. விரல் நகங்களில் இரண்டு கோணல். கவாத்துக் கத்தி பட்டுப் போய், பிறகு தன் இஷ்டத்துக்கு முளைத்த நகங்கள்.

"என்ன மாமா, குருசா? நோன்பு முடிஞ்சு சாரலே எறங்கிருச்சே" என்று கேட்டுக்கொண்டே வந்தான் அடுத்த வீட்டு ஜோபி.

"குருசு இல்ல."

"பின்ன கட்டிலா?"

"வேலை செய்யும்போது வாயக் கெளறாத. ஒரு பக்கம் கூடிப் போயிரும்."

மரியஜோசப் தச்சர் அல்ல. மூணாறுக்கு மேலே, காந்தலூர் மலைகளைத் தூரத்தில் பார்த்தபடி கிடக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கவாத்துக்காரர். தேயிலைச் செடியை எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் வெட்டினால் மழைத் தண்ணீர் வெட்டுவாயில் தங்காது என்பது அவர் வேலை. மரவேலை, பார்த்துப் பார்த்துக் கையில் ஏறியது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் கதவு இறங்கினாலும் தொட்டில் கம்பு முறிந்தாலும் அவரிடம்தான் வரும். தவக்காலம் வந்தால் மலையாற்றூர் மலைக்கோயிலுக்கு நடந்து போகும் கூட்டத்துக்கு மரச்சிலுவையும், அவர்கள் பேச்சில் குருசும், அவரே செய்வார். இந்த வருஷமும் செய்தார். இந்த வருஷத்துக் குருசின் விளைவுதான், முழங்கால் வரை மாவுக்கட்டோடு, கவிழ்த்த கொழுந்துக் கூடையின் மேல் நீட்டிக் கிடந்த அவருடைய வலது கால்.

அவர் மனைவி எப்சிபா அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். அவர் கத்தோலிக்கர், அவள் சி.எஸ்.ஐ. கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் முகம் சுளித்தார்கள். அவர்கள் இருவரும் கண்டுகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகவே பஜாருக்கு இறங்குவார்கள். அங்கே அவர் கோயிலுக்கும் அவள் சபைக்கும் பிரிந்து போய், இறைச்சிக் கடை முன்னால் மறுபடி சேர்ந்துகொள்வார்கள். யாருடைய பிரசங்கம் நீளம் என்று பேசிக்கொண்டே மேடேறுவார்கள்.

போன மழைக்காலத்தில் மலை சரிந்து ஜீப் ரோட்டைக் கொண்டுபோனது. மேல் லயத்துக்காரர்களுக்கு மிஞ்சியது தேயிலைக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் படிப்பாதை மட்டும். ரோடு போன சில வாரங்களில்தான் எப்சிபாவின் மார்பில் கட்டி என்று தெரிந்தது. கோட்டயத்தில் மருந்து ஏற்றச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் மரியஜோசப் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். மருந்து ஏற்றி வந்தபின், துவண்டு கிடந்தவளை அதே முதுகில் மேலே கொண்டுவந்தார். அவருக்கு அது பாரமாக இல்லை. அவள் லேசாகிக்கொண்டே போனதுதான் பாரமாக இருந்தது.

அதனால்தான் நேர்ச்சை வேண்டிக்கொண்டார். "இந்த வருசம் என் குருச நானே ஒத்தையாச் சுமந்து மலையேத்துதேன்னு நேந்திருக்கேன்" என்று அவளிடம் சொன்னபோது, அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"எங்க சபையில நேர்ச்சையெல்லாம் கெடையாது. ஆண்டவர் ஒரு தடவ சுமந்துட்டாரு, அதோட முடிஞ்சுது. உங்க கோயில்காரங்களுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரல."

"நீ பேசுவ."

"பேசத்தானே இப்ப முடியுது? போயிட்டு சீக்கிரம் வாங்க. அடுத்த மருந்துக்குத் தேதி இருக்கு."

குருசுக்குப் பச்சை கிராண்டிஸ் மரத்தை எடுத்தார். காய்ந்த மரம் பரணில் இருந்தது. பாதி எடைகூட வராது. காய்ந்த மரத்தில் நேர்ச்சைக் குருசு செய்வது ஆண்டவரை ஏமாற்றுவது என்பது அவர் எண்ணம். வெட்டுவாயில் ஈரம் கசிந்த மரத்தை இழைத்து, குறுக்குக் கட்டையை இறக்கி, ஆப்பு வைத்து முடித்தபோது இரண்டு பேர் பிடித்துத்தான் தோளில் ஏற்ற முடிந்தது. இந்த லயத்துக் கூட்டத்துக்கு இன்னொரு வழக்கம் உண்டு. புறப்பட்ட குருசு மலை உச்சி வரைக்கும் தரையைத் தொடக்கூடாது. மற்றக் குருசுகள் தோள் மாறி மாறிப் போகும். நேர்ச்சைக் குருசு மட்டும் நேர்ந்தவர் தோளிலேயே இருக்கவேண்டும். அவர் உட்கார்ந்தால் அது அவர் மடியில் உட்காரும்.

மூணாறைத் தாண்டி, அடிமாலியைத் தாண்டி, நேரியமங்கலம் காட்டு இறக்கத்தில் அது நடந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கினார். ஓரத்து ஓடையின் மூடுகல் உடைந்திருந்ததைத் தோளில் கிடந்த குருசு மறைத்துவிட்டது. வலது கால் உள்ளே போய் மடங்கியது. முற்றிய தேயிலைத் தண்டைச் சாய்த்து வெட்டும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் தன் காலுக்குள்ளிருந்து வந்ததை அவர் கேட்டார். மல்லாக்க விழுந்தார். குருசு நெஞ்சின் மேல் கிடந்தது. இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தரையத் தொட்டுதா? தொட்டுதா பாரு" என்றுதான் முதலில் கேட்டார்.

"தொடல மாமா. கால் என்னாச்சு?" என்றான் கூடவே நடந்து வந்த ஜோபி.

கூட்டத்தில் மூத்தவர் சுவக்கீன் பையிலிருந்து முறிவெண்ணெயை எடுத்தார். தொட்டதும் மரியஜோசப்பின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, குப்பியை மூடினார். "இது எண்ணெய்க்கு அடங்குற காரியமில்ல. ஏலே ஜோபி, வண்டி ஏதாவது மறி. அடிமாலிக்குத் திரும்பட்டும்."

"நான் வரமாட்டேன்."

"ஒடிஞ்சிருந்தா?"

"சுளுக்குண்ணே. ஒதுங்கி மிதிச்சா போவலாம்."

ஜோபி அவர் முன்னால் குந்தினான். "மாமா, ஆண்டவருக்கே சீமோன் வந்து தோள் கொடுத்தாரு. நீங்க என்ன ஆண்டவரவிடப் பெரிய ஆளா? நேரியமங்கலம் பாலம் வரைக்கும் நான் சுமக்கேன். அங்க வாங்கிக்கிடுங்க."

"ஒன் தோள்ல ஏறுனா அது ஒன் நேர்ச்சை. என் பொண்டாட்டிக்கு என்ன மிஞ்சும்?"

ஜோபி மூங்கில் பிளாச்சு சீவிக் கொடுத்தான். காலின் இரண்டு பக்கமும் அதை வைத்து, துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். அவர் எழுந்தார். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கலாம் என்று கண்டுபிடித்தார். இறக்கத்தில் குதிகாலும் உதவவில்லை. அங்கே பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு, சுவக்கீன் முதுகைத் தாங்க, ஒவ்வொரு அடியாக இறங்கினார். பாலத்தைத் தாண்டியதும் சமதரை. வெயில் ஏறியது. துண்டு இறுகி, விரல்கள் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கின. வீட்டு வாசல்களில் நின்று நடப்பவர்களுக்குக் கட்டன்சாயா கொடுத்தவர்கள், மடியில் குருசை வைத்துக்கொண்டு உட்கார்ந்து குடிக்கும் அவரைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். தலையாட்டிவிட்டு எழுந்து நடந்தார்.

யாரிடமும் சொல்லாத ஒரு எண்ணம் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கால் வலிக்கிற அளவுக்கு அவள் மார்பில் வலி குறைகிறது. அவர் அப்படி நம்பினார். அதனால் வலி கூடக்கூட அவருக்கு மனம் லேசாயிற்று. கோதமங்கலம் தாண்டி மாதா சிலை வைத்த ஒரு கெபியின் அருகே, வலி உச்சிக்கு ஏறிக் கண் இருட்டியபோது, அவள் இந்நேரம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்திருப்பாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது. சிரித்தார். ஜோபி பயந்துபோனான்.

மலையாற்றூர் மலையில் கல்லிலும் பாறையிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். குருசு மடியிலேயே ஏறியது. உச்சியில், ஏற்கனவே குவிந்து கிடந்த குருசுகளோடு தன்னுடையதையும் சாய்த்து வைத்தார். தோள் காலியானதும்தான் கால் முழுசாக வலித்தது. திரும்பும் பஸ்ஸில் அவருக்கு நினைவு தவறியது.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுலயா நடந்தீங்க?" என்று மட்டும் முதலில் கேட்டாள். பிறகு சொன்னாள்: அன்றைக்கே வந்திருந்தால் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கலாம். இப்போது எலும்பு விலகி நொறுங்கிவிட்டது, பிளேட் வைக்கவேண்டும், மாசக்கணக்கில் கால் ஊன்றக் கூடாது. கவாத்துக்கு மறுபடி போக முடியுமா என்று அவர் கேட்டார். சரிவில் நிற்கிற வேலை எதுவும் இனிக் கஷ்டம் என்றாள்.

படிப்பாதை அடிவாரத்தில் மூங்கில் கழியில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி, அவரை அதில் போட்டுத் தூக்கினார்கள். ரோடு போனதிலிருந்து சீக்காளிகள் எல்லாருக்கும் அதுதான் வண்டி. எப்சிபா வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையில் முடி இல்லை, துண்டு கட்டியிருந்தாள்.

"நேர்ச்சை எனக்கு, தொட்டில் உங்களுக்கா?" என்றாள்.

கம்பளிக்குள் கிடந்தவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒனக்கு வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அப்படியேதான் இருக்கு."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த தேதி வந்தது. ஜோபி கம்பளியைக் கொண்டுவந்தான். எப்சிபா பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அத்தை, நேரமாகுது."

"நான் அதுல வரமாட்டேன்யா. எங்கம்மாவ அதுலதான் கொண்டு போனீங்க. பக்கத்து லயத்துச் செல்வி வீட்டுக்காரரையும் அதுலதான். கம்பளியில எறங்குன யாரு நடந்து ஏறி வந்திருக்கா சொல்லு. நான் போனா உக்காந்துதான் போவேன். நான் கொழுந்து பறிச்ச காட்டுக்கு நடுவுல என்னப் பொணம் மாதிரி மடிச்சுக் கொண்டுபோகப்படாது."

ஜோபியின் மனைவி பிரதீபா கெஞ்சினாள். மரியஜோசப் கெஞ்சினார், திட்டினார். "அப்ப நீங்க தூக்கிட்டுப் போங்க" என்றாள் எப்சிபா. குத்திக்காட்டிச் சொல்லவில்லை, பழக்கத்தில் சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் அவருடைய காலைப் பார்த்தாள். அந்தத் தேதி அப்படியே போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, இன்னொன்று தவறினால் இதுவரை ஏற்றியதற்கும் பலனிருக்காது என்றார்கள்.

மறுநாள் அவர் பரணிலிருந்து காய்ந்த மரத்தை இறக்கச் சொன்னார். காற்றில் விழுந்து, புகையில் வருஷக்கணக்காகக் காய்ந்த சில்வர் ஓக் கம்புகள். இந்தத் தடவை எடை குறைந்த மரமாகத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். இரண்டு நீளக் கழிகள், நடுவில் இருக்கை, முதுகுக்குச் சாய்வு, பாதம் வைக்க ஒரு பலகை. தேவையில்லாத இடத்திலெல்லாம் மரத்தைச் சீவித் தள்ளினார். ஆணி அடிக்கவில்லை, ஆணி கனம், படியிறங்கும் குலுக்கலில் இளகும். நாக்கும் துளையுமாகவே எல்லாவற்றையும் சேர்த்தார். இருக்கையின் அகலத்துக்கு அவளை அளக்கவில்லை. எத்தனை தடவை முதுகில் தூக்கியிருக்கிறார், கைக்குத் தெரியாதா?

முடிந்ததும் அவளைக் கூப்பிட்டார். எப்சிபா சுற்றி வந்து பார்த்தாள். உட்கார்ந்தாள். கைகளைப் பிடியில் வைத்து நிமிர்ந்தாள்.

"பிஷப் அம்மா மாதிரி இருக்கேனா?"

"இருக்க."

"கழியப் பாத்தா நான் பின்னாடி பாத்துல்லா உக்காருதேன்?"

"எறக்கத்துல முன்ன பாத்து உக்காந்தா சரிஞ்சு விழுந்துருவ. மேட்டப் பாத்து உக்காந்தாத்தான் முதுகு சாயும்."

"அப்ப போற வழி தெரியாது. உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே எறங்கணும். நல்ல ரோசனைதான்."

பிறகு அசைந்து உட்கார்ந்தாள். இரண்டு இடுப்பிலும் கையை வைத்துப் பார்த்தாள். இருபக்கமும் அவளுடைய முழு உள்ளங்கை போகுமளவுக்கு இடம் இருந்தது. மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, இது போன வருசத்து எப்சிபாவுக்குச் செஞ்சது."

மரியஜோசப் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவளுடைய பழைய கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து, சாக்குக்குள் வைத்து மடித்து, இரண்டு பக்கமும் அணையாகத் தைத்தார். ஊசி கோணல் நகத்தில் இடறிக்கொண்டே இருந்தது. அவள் மறுபடி உட்கார்ந்தபோது, கை நுழையவில்லை. "இப்பச் சரி" என்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சிராய்களைப் பொறுக்கினார்.

தேதியன்று காலை சாரல் விட்டிருந்தது. எப்சிபா நல்ல சேலை கட்டி, தலைத்துண்டை மாற்றி, கைப்பையில் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டாள். கூடப் போகப் பிரதீபா தயாராக நின்றாள். தூக்க வந்தவர்கள், இரண்டு பேர் முன்னால், சுவக்கீன் பின்னால் வலப்பக்கம். பின் இடப்பக்கக் கழி வரும் இடத்தில் மரியஜோசப் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவில்லை; தானாகப் போய் நின்றார். படியிறக்கத்தில் பின்கழிதான் பளுவைப் பிடித்து நிறுத்தும். அது தன் தோள் என்று நினைத்துத்தான் அந்த முனையை மட்டும் அவர் அதிகமாக உருட்டி, துணி சுற்றி வைத்திருந்தார்.

"ஏறிட்டேன்" என்றாள் எப்சிபா.

மூன்று முனைகள் உயர்ந்தன. நான்காவதை மரியஜோசப் ஒரு கையால் தூக்கினார். மறு கையில் ஊன்றுகோல். கழி அவர் தோளுக்கு வந்தது. நாற்காலி மட்டமாக நின்றது. எப்சிபா அவருக்கு நேரெதிரே, மிக அருகில் இருந்தாள். கீழே முதல் படி ஈரமாக மின்னியது. அவருடைய கட்டுப் போட்ட கால் தரைக்கு மேலே தொங்கியது.

"எப்சிபா."

"சொல்லுங்க."

அவள் கையை நீட்டி, அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். "குடுத்துருங்க" என்றாள்.

ஜோபி பக்கத்தில் வந்து தோளைத் தாழ்த்தினான். மரியஜோசப் கழியின் கீழே உள்ளங்கையை வைத்து, அது அதிராமல் மெல்லத் தன் தோளிலிருந்து எடுத்து, அவன் தோளில் வைத்தார். துணி சுற்றிய இடம் சரியாக எலும்பின் மேல் படிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.