பின்பக்கம் தெரிய மாட்டிய ஜீப்

கிராஸ் ஸ்டிச் தையலைப் பற்றி என்னிடம் யாரும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. துணியை நான்காக மடித்து நடுவைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்க வேண்டும், மேலே விழும் இழை எல்லாப் பெருக்கல் குறியிலும் ஒரே பக்கம் சாய வேண்டும், முடித்ததைக் குப்புறப் போட்டுத்தான் இஸ்திரி போட வேண்டும் என்று அரைமணி நேரம் அளந்துவிடுவேன். கொஞ்சம் தலைக்கனம்தான். ஏழாம் வகுப்பிலேயே போடியில் எங்கள் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு ஜீப்பைத் தைத்தவள் நான்.

அப்பாவின் ஜீப் அது. ஏலக்காய் பறிக்கும் பெண்களை விடியற்காலையில் மலைக்கு ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். கட்டங்கட்டமாக நெய்த துணியில் அதை வலது பக்கம் பார்த்து மலையேற விட்டேன். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்களுக்குத் தலைக்கு நான்கு தையல்தான். அதற்கு மேல் இடமில்லை. தையல் டீச்சர் பின்பக்கத்தில் ஒரு முடிச்சு தெரிந்தாலும் துணியைத் தூக்கி எறிவார். நூல் நுனியை முடிச்சுப் போடாமல், ஏற்கெனவே தைத்த தையல்களுக்கு அடியில் செருக வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் மூன்று முறை பிரித்தேன். முதல் பரிசு எனக்கு வேண்டும். தைத்த நாற்பது நாளும் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் சட்டம் போட்டுவர அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைச் செய்தித்தாளில் சுற்றி வாங்கிவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, விடிவதற்குள் மலைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் போய்த்தான் பிரித்தேன். என் ஜீப் இடது பக்கம் பார்த்து நின்றது. பெருக்கல் குறிகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் சின்னச் சின்ன நேர்க்கோடுகள். பின்பக்கத்தை முன்னால் வைத்துக் கண்ணாடி போட்டு, அட்டை வைத்து ஆணியும் அடித்தாகிவிட்டது! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நடுவராக வந்த பெண்மணி என் சட்டத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

“இது என்னம்மா தையல்?”

“பின்பக்கம் மிஸ். எங்கப்பா தெரியாம மாத்திப் போட்டுட்டாரு” என்று விசும்பினேன்.

அவர் கத்தரிக்கோலை வாங்கி ஆணிகளை நெம்பி, அட்டையை எடுத்து முன்பக்கத்தைப் பார்த்தார். திருப்பி மறுபடியும் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் டீச்சரிடம், பின்பக்கத்தைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டும் தைரியம் அந்த அறையில் வேறு யாருக்கும் வராது என்றார். முதல் பரிசு எனக்கே.

சாயங்காலம் அப்பா வந்ததும் வராததுமாக, பரிசுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சண்டைக்குப் போனேன்.

“முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னுகூடவா தெரியாது?”

“கடைக்காரனும் இதத்தேன் கேட்டான் ஆத்தா. எம்மக தச்சது எனக்குத் தெரியாதா, எனக்குச் சோலி கெடக்கு, சொன்னபடி வெரசா போட்டுக் குடுன்னு நாந்தேன் அதட்டி வாங்கியாந்தேன்.”

முகத்தில் வருத்தமே இல்லை. தானே ஜெயித்த மாதிரி கோப்பையை வாங்கித் துண்டால் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஜீப் ஓட்டுகிறவருக்குத் தையலைப் பற்றி என்ன தெரியும் என்று நானும் விட்டுவிட்டேன். பல வருடம் தோழிகளிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

போன மாதம் என் மகள் துணியை மர வளையத்தில் இறுக்கி, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். டீயை எடுத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்தது பின்பக்கம் மட்டும்தான். நானும் அப்படித்தான் தூக்கிப் பிடித்துத் தைப்பேன். மலையிலிருந்து இறங்கி வந்த அலுப்போடு அப்பாவும் தினமும் இப்படித்தான் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். நாற்பது நாளும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கத்தைத்தான். நான்தான் ஒரு நாள்கூடத் தலையைத் தூக்கி அவரைப் பார்க்கவில்லை.